குறிப்பு புரியவில்லை

பகலெல்லாம் பனியன் எண்ணுகிறவள் நான்.
தையல் பிசகியது ஒரு கூடை,
எண்ணெய்க் கறை ஒரு கூடை,
மிச்சம் டஜன் டஜனாகப் பெட்டிக்கு.
ஞாயிறு பொழுதோட மங்கலம் ரோட்டில் பஸ் இறங்கி
பூட்டிய சாயப்பட்டறையின் காம்பவுண்டோரம் நின்று
தொண்ணூறடிப் புகைபோக்கியை அண்ணாந்து
உழவாரன் எண்ணுகிறேன்.
கூலி கிடையாது.
"அப்பறம் எதுக்கு?" என்றாள் பக்கத்து மேசை அன்னக்கொடி.
குனிந்தே கிடக்கிற கழுத்துக்கு என்றேன்.

பனியன் அசையாது. இது
சாயத்தொட்டியில் கம்பு விட்டுக் கலக்கினாற்போல
வானத்தைச் சுற்றும். சுற்று சிறுக்கும்.
சிறகைத் தூக்கி நிறுத்திக்கொண்டு
செங்கல் வாய்க்குள் விழும்:
ஒன்று, மூன்று,
சித்தெ நேரம் ஒன்றுமே இல்லை,
பிறகு ஒட்டுக்கா பதினாறு.
அந்த இருட்டில்தான் வவ்வால் வெளியே கிளம்பும்.
முதல் மாசம் நான் அனுப்பிய கணக்கில்
வவ்வாலும் குருவிதான்.

கண்டுபிடித்தது தெய்வசிகாமணி.
என்னைவிட ஒரு வயசு இளையவர்.
இதே பாய்லருக்குப் பதினாலு வருஷம் தீ போட்டு,
மூடின பிறகு ஏடிஎம் வாசலில் காவலிருந்து,
திருப்பித் தராத ஒரு சாவியை
இன்னும் அரைஞாணில் வைத்திருப்பவர்.
அடியிலிருக்கும் கரிக்கதவைத் திறந்து
செல்போன் வெளிச்சத்தை மேலே அடித்தார்.
இறகு, எச்சில், கரி, பஞ்சு.
ஒரு கூட்டில் இளஞ்சிவப்பு நூல்.
எனக்குத் தெரியும் அந்த நூலை:
போன தையில் கலர் சேரவில்லையென்று
திரும்பி வந்த ஆர்டர்.

படிவத்தில் ஏழு கட்டம்.
கடைசிக் கட்டம் குறிப்பு.
'காற்று அதிகம்' என்றே எழுதிவந்தோம்.

ஆடியில் பட்டறையை யாரோ குத்தகைக்கு எடுத்தார்கள்.
அந்த ஞாயிறு அவர் தேய்த்த சட்டையில் வந்தார்.
எண்ணினோம். இருநூற்றுப் பன்னிரண்டு.
வண்டியை உதைக்கும்போதுதான் சொன்னார்:
"என்னையத்தான் கூப்பிட்டிருக்காங்க.
நாளைக்கு ட்ரயலு."
"குஞ்சு?"
"கண்ணு முழிச்சிருச்சுங்க. றெக்கை பத்தாது."
அவருடைய சின்ன மகளுக்கு நர்சிங் சீட்டு,
அந்தப் பணத்துக்கு வாய்தா வெள்ளிக்கிழமை.
போகாதீங்க என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

திங்கள் மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது போன்.
"ட்யூப்புல ஓட்டைன்னு சொல்லிட்டனுங்க."
"நெசமா இருக்குதா?"
"பதினோரு வருசம் சும்மா கெடந்த பாய்லரு,
தேடுனா இல்லாமயா போகுமுங்க?"
"எத்தனை நாளைக்கு?"
"வெல்டர் ஈரோட்டுலிருந்து வரோணும்.
அவன் எம்பட பங்காளி.
நாஞ் சொன்னாத்தான் வண்டி ஏறுவான்."

அடுத்த ஞாயிறு இருநூற்று நாற்பது.
அதற்கடுத்தது முன்னூற்று ஆறு,
அதில் பாதி, விழத் தெரியாமல்
விளிம்பில் மோதி மோதி இறங்கின.
இரண்டு வாரமும் குறிப்புக் கட்டத்தில்
'ட்யூப் ஓட்டை' என்று எழுதினேன்.

மூன்றாம் வாரம் வெல்டர் வந்துவிட்டார்.
புகை நேராக ஏறி
காற்றில் காங்கயம் பக்கம் சாய்ந்தது.
அவை சுற்றின. சுற்று சிறுக்கவில்லை.
கேட்டுக்குள் காக்கிச் சட்டையில் அவர்,
கரி படிந்த கை இடுப்போரம் தொங்க,
விரல் மட்டும் மடங்கி மடங்கி விரிகிறது.
பழக்கம் விடவில்லை.
இருட்டியதும் என்னைப் பார்த்து
முஷ்டியை மூடிக் காட்டினார்.
உள்ளே போனது: பூஜ்யம்.
வாசலில் நின்றே இன்னொரு தரம் சரிபார்த்தேன்,
பூஜ்யத்தையும்.

குறிப்பு: ஓட்டை அடைபட்டது.

கணக்கைத் தொகுக்கிறவர்கள்
கோயமுத்தூரிலிருந்து கேட்டிருக்கிறார்கள்:
'குறிப்பு புரியவில்லை. விளக்கவும்.'
பதில் இன்னும் தாட்டிவிடவில்லை.
இந்த ஞாயிறு தண்ணீர்த் தொட்டிப் பக்கம்
போய்ப் பார்க்கலாமென்று இருக்கிறோம்.
அவருக்கு ஷிப்டு ஆறு மணிக்கு முடிகிறது.